விரலுக்கு இன்சூரன்ஸ்: காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் வரை

போன இதழில் நம் படிப்பகத்து நண்பர் ஒருவர் குற்றாலம் போய்வந்ததை எழுதியிருந்தார். அருவியை அவர் வர்ணித்திருந்த விதத்தில், படித்து முடித்ததும் தலை துவட்டத் துண்டு தேடினேன். நானும் ஒரு பயணம் எழுதுகிறேன் என்றேன். எங்கே போனாய் என்று கேட்டார்கள். ராயபுரம் என்றேன். படிப்பகமே சிரித்தது. சிரிக்கட்டும். குற்றாலத்துக்கு நம் குப்பத்தில் எத்தனை பேர் போகப்போகிறோம்? ஆனால் கம்பெனி வேலைக்குப் போகிறவன் எவனுக்கும் ஒருநாள் இந்த ராயபுரம் பயணம் வரலாம். வரக்கூடாது, வந்தால் வழி தெரிந்திருக்க வேண்டும்.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் என் பக்கங்கள் மட்டும் கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். மூன்று மாதப் பழக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அதனால் வீண் வர்ணனை கிடையாது.

முதலில் காரணம். திருவொற்றியூர்ப் பக்கம் இரும்புப் பீப்பாய் செய்கிற ஒரு கம்பெனியில் நானும் என் மனைவி அஞ்சலையின் அண்ணன் கன்னியப்பனும் வேலை செய்தோம். மச்சான் பிரஸ் மிஷினில், நான் தகடு அடுக்குகிற இடத்தில். ஐப்பசியில் உப்பங்கழியில் இறால் வந்தால் நம் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் கம்பெனிக்குப் போனால் ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் கம்பெனிக்கு. தொடர்ந்து சில நாள் வராதவன் பெயரைக் கம்பெனியில் அடித்துவிடுவார்கள். அதனால் போகிற ஆள், எந்தப் பெயருக்கு ஆபத்தோ அந்தப் பெயர் டோக்கனைக் கேட்டில் போட்டுவிட்டு அந்த ஆளின் இடத்தில் நிற்பான். வாட்ச்மேன் டோக்கனை எண்ணுவாரே தவிர முகத்தை எண்ண மாட்டார். குப்பத்தில் இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

அன்று மச்சான் கழியில். நான் அவர் டோக்கனைப் போட்டுவிட்டு அவர் பிரஸ்ஸில் நின்றேன். எனக்குப் பழக்கமில்லாத மிஷின். மதியச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வலது கையில் நான்கு விரல் போயிற்று. கட்டை விரல் மட்டும் மிச்சம். மேஸ்திரி டோக்கன் நம்பரைப் பார்த்து 'கன்னியப்பன்' என்று எழுதி அனுப்பினார். ஆஸ்பத்திரியிலும் கன்னியப்பன். எனக்கு நினைவு தெளிந்தபோது நான் என் மச்சானாகியிருந்தேன். கை போன கன்னியப்பன் எப்படி வேலைக்கு வருவான்? மறுநாளிலிருந்து மச்சான் என் டோக்கனை எடுத்துக்கொண்டு, நான் நின்ற இடத்தில், தேசப்பனாக வேலைக்குப் போக ஆரம்பித்தார். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் தெரியும். எல்லோரும் அதே வேலையைச் செய்கிறவர்கள், யார் வாய் திறப்பார்கள்?

இந்தத் தொழிலாளர் இன்சூரன்ஸ் நம் பட்டணத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கம்பெனியில் அடிபட்டு உறுப்பு போனால், டாக்டர்கள் குழு பார்த்து, உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று தீர்மானித்து, உயிரோடு இருக்கிறவரை மாதாமாதம் ஒரு தொகை தருவார்கள். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ராயபுரம் ஆபீஸுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கன்னியப்பன் பெயருக்கு.

ஆபீஸில் உண்மையைச் சொல்லிவிட்டால், என் டோக்கன் அன்று விழவில்லை, நான் வேலையிலேயே இல்லை என்று கம்பெனி சொல்லிவிடும். எனக்கு ஒன்றும் கிடைக்காது. டோக்கன் கொடுத்ததற்கு மச்சானுக்கு வேலை போகும். ஆகவே நான் கன்னியப்பனாகவே போய்வருவது என்று முடிவு செய்தோம். அஞ்சலைக்கு அப்போது ஏழாவது மாதம். வலது கையில் கட்டோடு என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. அவளும் வந்தாள். மச்சான் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், அவரும் வந்தார்.

காலை ஆறேகாலுக்குக் குப்பத்திலிருந்து கிளம்பினோம். பஸ் நிற்கிற இடத்துக்கு முக்கால் மைல். உப்பளத்துப் பக்கம் பனி இறங்கியிருந்தது, நன்றாகக் குளிர்ந்தது. ஆறு ஐம்பதுக்கு வரவேண்டிய பஸ் ஏழு பத்துக்கு வந்தது. திருவொற்றியூர் தேரடி வரை ஆளுக்கு ஒன்றரை அணா. இடது பக்கம் உட்காருங்கள், எர்ணாவூர் தாண்டுகிறவரை கடல் தெரியும், காற்று வரும். வலது பக்கம் உட்கார்ந்தால் புகைபோக்கிதான்.

அந்த பஸ்ஸில் கடல் பார்க்க எனக்கு எங்கே நேரம்? மச்சான் என்னைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னார்.

"அப்பன் பேரு இன்னா?"

"ராமலிங்கம்."

"யோவ் மாப்ளே! அது உங்கப்பன். எங்கப்பன் பேரச் சொல்லு."

"முத்துசாமி."

மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நாக்கு கூசியது.

"ஆங். பொண்டாட்டி பேரு?"

அதற்கு நான் மச்சானின் மனைவி பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னேன். பக்கத்தில் அஞ்சலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ கூட வந்துகீற இவ யாரு?"

"தங்கச்சி," என்றேன். வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"கரீட்டு. இத மட்டும் மறந்துடாத, பேஜாராப் பூடும்," என்றார் மச்சான். அஞ்சலை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நல்லதில்லை என்று நான்கு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேரடியில் இறங்கி வேறு பஸ். அஞ்சலை கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். சில்லறை எடுக்க நான் இடது கையை வலது பக்க மடிக்குள் விட்டுத் தவித்தபோது கண்டக்டர் கையமர்த்தினார். "மெதுவா எடு நைனா, பஸ் எங்க போவுது, நானும் ஏறுனாத்தான போவும்," என்று சிரித்து, டிக்கெட்டை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். அந்த மனுஷனுக்கு அது ஞாபகம்கூட இருக்காது. கை போன மூன்று மாதத்தில் என்னை அவசரப்படுத்தாத முதல் வெளியாள் அவர்தான்.

ராயபுரத்துக்கு இரண்டரை அணா. காசிமேடு தாண்டும்போது மீன் ஏலக் கூச்சல் பஸ்ஸுக்குள் வந்தது, அதற்கப்புறம் வழியெல்லாம் கிடங்குகள், மூட்டை வண்டிகள், தார் வாசனை. எட்டே முக்காலுக்கு இறங்கினோம். ரிக்‌ஷாக்காரர் ஆபீஸ் வாசலுக்கு ஆறணா கேட்டார். நடந்தால் எட்டே நிமிஷம். நடக்க முடிந்தவர்கள் நடந்துவிடுங்கள். அஞ்சலையாவது ரிக்‌ஷாவில் வரட்டும் என்றேன். "உன் கூடப்பொறந்தவளுக்கு எதுக்குய்யா ரிச்சா?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆபீஸ் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்ப்பகுதி. வெளியே ஒரு டீக்கடை. மச்சான் அங்கேயே நின்றுகொண்டார். இரண்டு கன்னியப்பன்கள் உள்ளே போகக்கூடாதல்லவா? உள்ளே நீள பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கால் போனவர், கண்ணில் கட்டுப் போட்டவர், கையைத் தூளியில் தொங்கவிட்டவர் என்று முப்பது பேராவது இருந்தோம். இப்படி எத்தனை பேர் இருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்காகப் பெஞ்சில் ஒதுங்கி, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். அங்கே எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். பெயரைக் கேட்பதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர்களிடம் போகும் முன் ஒரு கிளார்க்கிடம் விவரம் சொல்ல வேண்டும். தடித்த கண்ணாடி போட்ட மனிதர், திருநெல்வேலிச் சீமைக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அப்பா பெயர் கேட்டார். முத்துசாமி என்றேன். மனைவி பெயர் கேட்டார். சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் அஞ்சலையைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"தங்கச்சி, சார்."

"நிக்க வேண்டாம், உக்காரச் சொல்லும். மாசமா இருக்காங்கல்லா," என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனுஷர், சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். "தங்கச்சி மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

இதை மச்சான் சொல்லித்தரவில்லை. வேலை சொன்னால் கம்பெனி பெயர் கேட்பார், கம்பெனி பெயர் சொன்னால் ஆளைக் கேட்பார் என்று மளமளவென்று மனசு ஓடியது. கேள்வியை எப்படியாவது அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"செத்துட்டாரு, சார்."

அஞ்சலையின் நெற்றியில் காலணா அளவு குங்குமம். கழுத்தில் மஞ்சள் மாறாத கயிறு. கிளார்க் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"யோவ்!" என்று எழுந்தாள் அஞ்சலை. பெஞ்சில் இருந்த முப்பது பேரும் திரும்பினார்கள். "தங்கச்சின்ன, பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். இப்போ சாவடிச்சிட்டியா? வயித்துல புள்ளய வெச்சிக்கினு என் தாலிய அறுக்கறியா நீ? சார், இவுருதான் என் புருசன். பேரு தேசப்பன். உங்க துட்டு வந்தா வரட்டும், வராட்டி பூடட்டும். மீனு வித்து நான் கஞ்சி ஊத்துறேன். எழுதிக்கினீங்களா?"

பிறகு அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கிளார்க் வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பொய்ப் பேருல பணம் கேட்டா செயிலுக்குப் போவணும். தெரியுமாவே உமக்கு?"

"தெரியாது சார்." நான் கையெடுத்துக் கும்பிட முயன்றேன். ஒரு கைதானே ஒழுங்காக இருக்கிறது, அதுவும் சரியாக வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். தங்கையின் குரல் டீக்கடை வரை கேட்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் யாரோ மாதிரி அப்படியே பஸ் ஏறிப் போயிருக்கலாம். யாரும் அவரைப் பிடித்திருக்க முடியாது.

"நாந்தான் சார் கன்னியப்பன்," என்றார். பத்து விரலையும் மேஜைமேல் விரித்து வைத்தார். "மிசினு என்னுது, டோக்கன் என்னுது. நான் எறா புடிக்கப் பூட்டேன். இவன எம்பேர்ல நாந்தான் அனுப்பிச்சேன். என் வெரலு போக வேண்டியது, இவன்து பூடுச்சி. இன்னா செய்யணுமோ என்னிய செய்யுங்க. இவனுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்."

கிளார்க் எழுந்து போய் ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்தார். கம்பெனியிலிருந்து வந்திருந்த பட்டியல் அதில் இருந்தது. விரலை வைத்துத் தேடினார். கன்னியப்பன் இருந்தார். பத்துப் பன்னிரண்டு பெயர் தள்ளி நானும் இருந்தேன், என் சொந்த இன்சூரன்ஸ் நம்பரோடு.

"இந்தா இருக்கீரே!" என்றார். அவர் முகத்தில் எனக்கு வந்ததைவிடப் பெரிய சந்தோஷம். "ஏம்வே, இன்சூரன்ஸ் டோக்கனுக்கா இருக்கு? மிஷின் முன்னால யாரு நின்னு வேலை செஞ்சு அடிபட்டானோ அவனுக்குத்தான். எத்தனை மாசம் பணம் கட்டுனீருன்னுகூட இதுக்குக் கேக்க மாட்டோம். அன்னைக்கு அந்தக் கம்பெனியில நீரு வேலை செஞ்சீருன்னு நிரூபிச்சாப் போதும். நடந்ததை நடந்தபடி எழுதும்."

அப்புறம் மச்சானைப் பார்த்தார். "இதுல நீரும் கையெழுத்துப் போடணும். போட்டா கம்பெனியில உம்மை விடமாட்டாங்க. யோசிச்சிட்டு வாரும், இன்னொரு நாள் வந்தும் போடலாம்."

"இன்னா சார் யோசிக்கறதுக்குக் கீது," என்று மச்சான் பேனாவை வாங்கினார்.

அந்த மனுவைக் கிளார்க்கே தன் கையால் எழுதினார். தனக்குச் சாப்பாட்டு நேரம் என்று அவர் சொல்லவே இல்லை, கடைசியில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைத்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தபோது மணி இரண்டு. டீக்கடைக்காரர் விஷயம் முழுவதும் கேட்டுவிட்டு அஞ்சலைக்கு மட்டும் பாலை ஆற்றிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். "உயிரோட கீற புருசனுக்காவ அளுதியே, அதுக்கும்மா," என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். திரும்புகிற பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வீடு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மாசியில் இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு வந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, விரல் போன கன்னியப்பனைக் கூப்பிடச் சொன்னாராம். மச்சான் வந்து இரண்டு கையையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பத்து வரை எண்ணியிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பே சிரித்துவிட்டது, மேஸ்திரியும் சிரித்துவிட்டார், அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. அன்று மிஷினில் நான்தான் நின்றேன் என்று ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆறு பேரும் டோக்கன் மாற்றிப் போட்டவர்கள்தான். பயந்துகொண்டே போட்டார்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

பங்குனியில் இரண்டாம் பயணம். அதே பஸ், அதே கட்டணம். மூன்று டாக்டர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், கட்டை விரலால் ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொன்னார்கள், விழுந்துவிட்டது. அதில் மூத்தவர் குனிந்து அந்தப் பென்சிலை எடுத்து, "தேசப்பன், இடது கையால எழுதப் பழகுங்க, வரும்," என்றார். வருகிறது, பாருங்கள். உயிருள்ளவரை மாத உதவி என்று தீர்ப்பாயிற்று. தொகையை இங்கே எழுதவில்லை, கடன் கேட்பீர்கள். அந்த மாதமே பெண் குழந்தை பிறந்தது. அரிசிக்குக் கவலை இல்லாத வீட்டில் பிறந்தாள். அதற்கு அந்தக் கிளார்க்குக்கும், டாக்டர்களுக்கும், இப்படி ஒரு சட்டம் போட வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்து யோசித்த முகம் தெரியாதவர்களுக்கும் தினமும் கும்பிடு போடுகிறேன்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. அடிபட்ட அன்றே, நினைவிருந்தால் நீங்களே, இல்லாவிட்டால் கூட இருப்பவர், கம்பெனி விபத்துப் பதிவேட்டில் சொந்தப் பெயர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை, வந்த கடிதம் மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு கையால் மடியில் தேடுவது பெரிய கஷ்டம். பத்து மணி என்று எழுதியிருந்தாலும் பதினொன்றுக்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போக வர பஸ் ஆளுக்கு எட்டணா. எழுதத் தெரியாதவர்கள் வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம், உள்ளே கேட்டாலே எழுதித் தருகிறார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். இது பிச்சை இல்லை, நம் கூலியிலிருந்தும் இதற்குப் பிடிக்கிறார்கள். மனைவியைக் கூட்டிப்போனால் மனைவி என்று சொல்லுங்கள்.

மச்சானைப் பற்றிக் கேட்பீர்கள். கிளார்க் சொன்னபடியே நடந்தது. சித்திரையில் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. இப்போது அடுத்தவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போகிறார். நான் வருத்தப்பட்டால், "அட போ மாப்ளே, அந்த மிசின் சத்தம் இல்லாம இப்போதான் காது கேக்குது," என்பார். பொய். கடலில் மீன் இல்லாத நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியும். போன விரலுக்கு உதவி கொடுக்க ஒரு ஆபீஸ் இருக்கிறது. உண்மை சொல்லி வேலையை இழந்தவனுக்கு எந்த ஆபீஸும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில் நான் கம்பெனிக்குப் போகிறேன். மச்சானைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மானேஜரிடம் கேட்பேன். இதுவரை ஒன்பது திங்கள் ஆயிற்று. முதலில் வாட்ச்மேன் விரட்டினார், இப்போது ஸ்டூல் போடுகிறார். போன வாரம் மானேஜர் முதல்முறையாக என்னை உள்ளே கூப்பிட்டு, "அவன் பேர் என்ன சொன்ன?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நம் குப்பத்திலிருந்து கம்பெனி கேட்டுக்கு மூன்று மைல். பஸ்ஸில் ஒன்றரை அணா, நடந்தால் ஒரு மணி நேரம். நான் நடந்துதான் போகிறேன். வரும் திங்கள் அஞ்சலையும் குழந்தையோடு வருகிறேன் என்கிறாள். மானேஜர் பாவம்.